ஐந்து விலங்குகள், ஒரு கையெழுத்து: ‘செவ்வியல்’ யாருடைய கைவேலை?

1

பழங்காலத்தவர் விட்டுச்சென்ற விலங்குச் சிலைகளில், அவர்களுடைய மனித உருவங்களுக்குச் சமமாக வைக்கத்தக்கவை ஐந்தே ஐந்துதான் என்று ஹொரேஸ் வால்போல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் மகன் இவர். 1764-இல் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற பேய்க்கதை நாவலை எழுதியவர். லண்டனுக்கு வெளியே ஸ்ட்ராபெரி ஹில் என்றொரு வீட்டைக் கட்டி அதில் பழம்பொருட்களை நிரப்பிவைத்தவர். இங்கிலாந்தின் ஓவியர்கள், சிற்பிகள் குறித்து அவர் எழுதிய நூலின் நான்காம் தொகுதியில் இந்தக் கணக்கு வருகிறது. பார்பரினி ஆடு, டஸ்கனியின் காட்டுப்பன்றி, மாட்டெய் கழுகு, ஸ்ட்ராபெரி ஹில் கழுகு, முன்பு ஜென்னிங்ஸிடம் இருந்து பிறகு டன்கோம்பிடம் போன நாய் – இவைதான் அந்த ஐந்து.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்துக்கும் அடையாளமாக இருப்பது வைத்திருந்தவர்களின் பெயர், அல்லது இருக்கும் இடத்தின் பெயர். செய்தவன் பெயர் ஒன்றுக்குக்கூட இல்லை. நான்காவது கழுகு பட்டியல் போட்டவரின் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 1742-இல் ரோமில் கரகல்லாவின் குளியல் மண்டபங்கள் இருந்த இடத்தில் தோண்டியெடுக்கப்பட்டு, தரகர்கள் நண்பர்கள் வழியாக அவர் கைக்கு வந்துசேர்ந்த பளிங்குக் கழுகு அது. ஐந்தாவது நாய், சில ஆண்டுகளுக்கு முன்னால் லண்டனில் ஆயிரம் கினி விலை பேசப்பட்டு ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அப்படியென்றால் இது கலையின் பட்டியலா, சொத்துப் பட்டியலா?

வால்போல் இந்தப் பட்டியலைச் சும்மா போடவில்லை. ஒரு பெண்ணைப் புகழ்வதற்காகப் போடுகிறார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் மகள் ஆன் ஸீமோர் டாமர் (1748–1828). நாய், பூனை, கழுகு ஆகியவற்றைச் சுடுமண்ணிலும் பளிங்கிலும் செய்தவர். பழங்காலமே ஐந்தைத்தான் விட்டுச்சென்றது என்னும்போது இந்தப் பெண்ணின் திறமை எவ்வளவு பெரிது பாருங்கள் என்பது வால்போலின் வாதம். அந்த ஐந்தில் எதையும் யார் செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறாவதாக வந்த டாமரைப் பார்த்து மட்டும், “இதை நீதான் செய்தாயா?” என்று கேட்டார்கள். அவர் செத்த பிறகும் கேட்டார்கள்.

‘செவ்வியல்’ என்ற கருத்தாக்கம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள இந்த இரட்டை அளவுகோல் ஒரு நல்ல வாசல். பெரிய கடவுளர் சிலைகள் வழியாக அல்லாமல், யாரும் பெரிதாக மதிக்காத இந்த நாய்கள், கழுகுகள் வழியாக உள்ளே போய்ப் பார்க்கலாம்.

2

விலங்கு ஏன் கீழே இருந்தது? பிரெஞ்சுக் கலைக் கழகத்தின் விரிவுரைகளுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்னுரை எழுதிய ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவியத்துக்கு ஒரு படிவரிசை வகுத்தார். பழமும் பூவும் அடியில். அதற்கு மேல் நிலக்காட்சி. அதற்கு மேல் உயிருள்ள விலங்கு. அதற்கும் மேல் மனிதன். வரலாற்றையும் புராணத்தையும் பல மனித உருவங்களால் சொல்பவன் உச்சியில். கடவுளின் படைப்பில் மனிதனே பூரணமானவன், ஆகவே மனிதனை வரைபவனே கடவுளுக்கு நெருக்கமானவன் என்பது இதன் தர்க்கம். ஏணியில் இருப்பது வரையப்படும் பொருள்தான். ஆனால் அந்தப் படிகளிலேயே வரைகிறவர்களையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். படிவரிசையில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1764-இல் தன் பழங்காலக் கலை வரலாற்றை வெளியிட்ட வின்கெல்மான் இந்த ஏணிக்குக் கிரேக்கத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். அவருக்கு ஆண் உடல்தான் கலை. வத்திக்கானின் அப்போலோ அதன் சிகரம். இயற்கையில் எங்கும் இல்லாத, பல உடல்களிலிருந்து தேர்ந்து கூட்டிய ‘இலட்சிய’ உடல். நாயை அப்படி இலட்சியமாக்குவது கஷ்டம், ஏனென்றால் நாயை எல்லோருக்கும் தெரியும். மனித உருவத்தை ‘இயற்கையைத் தாண்டியிருக்கிறதா’ என்று கேட்டு அளந்தார்கள். விலங்கை ‘உயிரோடிருப்பது போல இருக்கிறதா’ என்று கேட்டு அளந்தார்கள். டாமரின் சடைநாயைப் பற்றி வால்போல் எழுதியதும் இப்படித்தான்: உயிர் ஒன்றுதான் குறை, சுருள்முடியின் மென்மை சுடுமண்ணில் நம்ப முடியாதது என்கிறார். புகழ்ச்சிதான். ஆனால் இரண்டாம் படியில் நிற்பவருக்குத் தரும் புகழ்ச்சி.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஏணியை யாருடைய பெயரால் போட்டார்களோ அந்தப் பழங்காலத்தவர்கள் இதை இவ்வளவு கண்டிப்பாக வைத்திருந்ததாகத் தெரியவில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் மைரான் செய்த வெண்கலப் பசு ஒன்று நின்றது. அது தொலைந்துவிட்டது. ஆனால் அந்தப் பசுவைப் பற்றி மட்டும் கிரேக்கத் தொகைநூலில் 36 குறும்பாக்கள் இருக்கின்றன. வட்டெறிபவன் சிலையைச் செய்த அதே மைரான்தான். அவனுடைய மனித உருவங்களைவிட மாட்டுக்குத்தான் பாட்டு அதிகம். ஆக, ‘செவ்வியல்’ ஏணி பழங்காலத்திலிருந்து இறங்கி வந்ததல்ல. பாரிஸிலும் ரோமிலும் செய்யப்பட்டு, பழங்காலத்தின் மேல் ஏற்றி வைக்கப்பட்டது.

3

இனி அந்த ஐந்தாவது நாய். ஆறடி மனிதனின் இடுப்பளவு உயரம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். பின்கால்களை மடக்கி உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கும் மொலோசிய இனக் காவல்நாய். கிரேக்க வெண்கலம் ஒன்றைப் பார்த்து ரோமானியர் காலத்தில் செய்த பளிங்குப் பிரதி என்பதே இன்றைய கணிப்பு. இதே வகை நாய்கள் ஃப்ளாரன்ஸின் உஃபிஸியிலும் வத்திக்கானிலும் உண்டு. அதாவது பிரதிகளில் ஒரு பிரதி.

1750களில் ரோமுக்குப் போன ஹென்றி கான்ஸ்டன்டைன் ஜென்னிங்ஸ் என்ற இங்கிலாந்துப் பணக்காரர், பார்தலோமியோ கவாசெப்பி என்ற சிற்பியின் பட்டறையில் கிடந்த இடிபாட்டுக் குவியலில் இதைக் கண்டெடுத்து வாங்கினார். ஊருக்கு வந்ததும் நாய்க்கு ஒரு பெயர் கிடைத்தது: ‘அல்கிபியாடீஸின் நாய்’. காரணம் அதன் வால் உடைந்திருந்தது. ஏதென்ஸின் அரசியல்வாதி அல்கிபியாடீஸ், ஊர் தன்னைப் பற்றி வேறெதையும் பேசாமலிருக்கத் தன் அழகான நாயின் வாலை வெட்டிவிட்டான் என்று புளூடார்க் ஒரு கதை சொல்கிறார். கல் உடைந்ததற்கு இப்படியொரு கதை! விபத்தில் போன வால் வரலாற்றில் வெட்டப்பட்ட வாலாக மாறியது. ஒரு பிரதியின் குறைபாடு அதன் வம்சாவளிப் பத்திரமாகிவிட்டது.

1778-இல் சூதாட்டக் கடனுக்காக ஜென்னிங்ஸ் நாயை விற்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் டாக்டர் ஜான்சனின் நண்பர் குழுவில் நடந்த பேச்சை பாஸ்வெல் குறித்துவைத்திருக்கிறார். எந்த விலங்கின் உருவத்துக்கும் இவ்வளவு விலை தகாது என்று ஒருவர் சொல்ல, விலை பொருளுக்கல்ல, அதைச் செய்த திறமைக்கு என்கிறார் ஜான்சன். மூக்கின் மேல் வைக்கோலை நிறுத்திக் காட்டுகிறவனையும் மூன்று குதிரைகளில் ஒரே நேரத்தில் சவாரி செய்கிறவனையும் அவர் உதாரணமாக இழுக்கிறார். நல்ல வாதம்தான். ஆனால் யாருடைய திறமை? கிரேக்க வெண்கலத்தைச் செய்தவனுடையதா, அதைக் கல்லில் பெயர்த்த ரோமானியப் பட்டறைக்காரனுடையதா, உடைந்த இடங்களை ஒட்டியவனுடையதா? அந்த மேசையில் இந்தக் கேள்வி எழவில்லை. பெயர் தெரியாதவரை திறமை ‘பழங்காலத்தின்’ திறமையாகவே இருக்கும். அதில்தான் விலையும் இருக்கிறது.

நாய் யார்க்ஷயரில் டன்கோம்ப் குடும்பத்தின் மாளிகையில் இரண்டு நூற்றாண்டுகள் இருந்தது. 2001-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி 6,62,297 பவுண்டுக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்றும் அதை ஜென்னிங்ஸின் நாய் என்றுதான் சொல்கிறார்கள். இருபது முப்பது ஆண்டுகள் வைத்திருந்து சூதாட்டக் கடனில் விட்டவர் பெயர் கல்லில் ஒட்டிக்கொண்டது.

4

கவாசெப்பியின் பட்டறை என்றேன். அதைக் குறித்துக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டு ரோமில் மண்ணைத் தோண்டினால் வந்ததெல்லாம் கை, கால், முண்டம், அரைத் தலை. முழுச் சிலை அபூர்வம். ஆனால் இங்கிலாந்துப் பிரபுவுக்கு வேண்டியது முழுச் சிலை. இடையில் நின்றவர்கள் செப்பனிடும் சிற்பிகள். அவர்களில் பெரியவர் கவாசெப்பி. 1768-இலிருந்து வெளியிட்ட தொகுதிகளில் தன் தொழிலின் இலக்கணத்தை அவரே எழுதினார். பழைய துண்டைச் சீவிச் சமப்படுத்தக் கூடாது, புதிய துண்டின் ஓரத்தைத்தான் அதற்கேற்பக் கரடுமுரடாக்கி ஒட்ட வேண்டும். அதே நிறக் கல் வேண்டும். பழைய சிற்பியின் பாணிக்குத் தன் பாணியை ஒப்புக்கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாகவே தோன்றுகின்றன: ஒரு கைவினைஞனின் நேர்மை, தன்னை மறைத்துக்கொள்ளும் கலை. நன்றாகச் செப்பனிட்டவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை மோசம்.

இந்த இலக்கணம் அதன் எல்லைக்குப் போனது வத்திக்கானில். போப் பதினான்காம் கிளெமன்ட் 1771-இல் தொடங்கி, ஆறாம் பயஸ் (1775–1799) பெரிதாக்கிய பியோ-கிளெமென்டினோ அருங்காட்சியகத்தில் ‘விலங்குகளின் கூடம்’ என்று ஒன்று இருக்கிறது. கல் மிருகக்காட்சிசாலை என்றே அதைச் சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகள். வேட்டைநாய்கள், சிங்கம், மான், ஆடு, பறவைகள், பச்சைப் போர்ஃபிரிக் கல்லில் ஒரு நண்டுகூட உண்டு. வின்கெல்மானின் தூய வெண்மை இங்கே செல்லுபடியாகவில்லை. புள்ளிக்கும் வரிக்கும் ஏற்ற வண்ணக் கற்களைத் தேடித் தேடிப் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கூடத்தின் பெரும்பகுதி ஒருவரின் கைவேலை. பெயர் ஃபிரான்செஸ்கோ அன்டோனியோ ஃபிரான்சோனி (1734–1818). பளிங்குக்குப் பேர்போன கராராவில் பிறந்தவர். ஒரு குளம்பு கிடைத்தால் மானைச் செய்வார், ஒரு மூக்கு கிடைத்தால் நாயைச் செய்வார். சிலவற்றை எதுவுமே கிடைக்காமலும் செய்தார். ஆனால் கூடத்தில் அவை ‘பழங்கால’ விலங்குகளாகத்தான் நின்றன. பக்கத்திலுள்ள தேர்க் கூடத்தில் இன்னும் துலக்கமான உதாரணம் இருக்கிறது. ரோமின் சான் மார்கோ தேவாலயத்தில் ஆயரின் இருக்கையாகப் பயன்பட்டுவந்த பழைய பளிங்குத் தேர்ப்பெட்டி ஒன்றை எடுத்து, 1788-இல் சக்கரமும் ஏர்க்காலும் சேர்த்து, குதிரைகளையும் பூட்டினார் ஃபிரான்சோனி. குதிரைகளில் ஒன்றின் உடல்தான் பழையது. பார்க்கிறவனுக்கு இரண்டாயிரம் ஆண்டுத் தேர். அதை ஓட வைத்தவன் பதினெட்டாம் நூற்றாண்டுக் கராராக்காரன்.

இதைப் போலி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஃபிரான்சோனிக்குக் கொடுத்த கூலி கணக்கில் ஏறியிருக்கிறது. போப்புக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ‘பழங்காலம்’ தேவைப்பட்டது. அரசியல் செல்வாக்கு தேய்ந்துகொண்டிருந்த போப்பாட்சி, ரோம் இன்னும் உலகத்தின் தலை என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு அப்போலோவும் லாவோகூனும் ஏற்கெனவே கையில் இருந்தன. கூடங்களை நிரப்ப விலங்குகள் வந்தன. படிவரிசையில் கீழே இருந்ததால்தான் விலங்கில் இவ்வளவு சுதந்திரம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போலோவுக்கு அரை உடலைப் புதிதாகச் செய்து வைத்தால் அறிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆட்டுக்கு வைத்தால் யார் வரப்போகிறார்கள்?

1816-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் பார்த்தெனான் சிற்பங்களை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. சந்திரத் தேவதையின் தேரை இழுத்துக் களைத்துப்போன குதிரையின் தலை ஒன்று அவற்றில் உண்டு. அதற்கு முன்பே அவற்றைப் பார்த்த அன்டோனியோ கானோவா, இவற்றில் உளி வைப்பது பாவம் என்று செப்பனிட மறுத்துவிட்டார். அதன் பிறகு உடைந்தது உடைந்தபடி இருப்பதே ‘உண்மை’ என்ற ரசனை மெல்ல வலுத்தது. அதோடு ஃபிரான்சோனியின் விலங்குகள் படியிறங்கின: முதலில் பழங்காலம், பிறகு செப்பனிடப்பட்டவை, பிறகு கிட்டத்தட்டப் போலி. கல் அதேதான். அதன் மேல் எழுதிய பெயர்தான் மாறியது.

5

இப்போது டாமர். பிரபு வீட்டுப் பெண். தந்தை படைத்தளபதி கான்வே. 1767-இல் திருமணம். கடனில் மூழ்கிய கணவன் ஜான் டாமர் 1776-இல் ஒரு விடுதியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு அவர் சிற்பத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். களிமண் வேலையை ஜூசெப்பே செராச்சி என்ற இத்தாலியரிடமும், பளிங்கு செதுக்குவதை ஜான் பேக்கனிடமும், உடற்கூறியலை மருத்துவர் க்ருக்ஷாங்கிடமும் கற்றார். (இந்தச் செராச்சி பிறகு புரட்சிக்காரராகி, நெப்போலியனைக் கொல்லச் சதி செய்ததாக 1801-இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டார்.)

அவர் ஏன் இவ்வளவு விலங்குகளைச் செய்தார்? பிரியம் என்று சொல்லிவிடலாம், பிரியமும் இருந்தது. ஆனால் நிறுவனத்தையும் பார்க்க வேண்டும். 1768-இல் தொடங்கிய ராயல் அகாடமியின் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள், ஆஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். அகாடமியினர் நிர்வாண மாதிரியைச் சுற்றி நிற்பதை ஸோஃபனி ஓவியமாக வரைந்தபோது இந்த இருவரும் அறைக்குள் இல்லை. சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். மனித உடலைப் பார்த்துப் படிக்கும் அறைக்குள் பெண்ணுக்கு அனுமதி கிடையாது. 1936-இல் லாரா நைட் வரும்வரை அடுத்த பெண் முழு உறுப்பினராகவில்லை. ‘உன்னதக் கலை’ மனித உடலில் இருக்கிறது, அந்த உடலைப் பெண் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் போட்டால், பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் மிஞ்சுவது மடியில் உட்காரும் நாய்தான். 1971-இல் லிண்டா நோக்லின், மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்று கேட்ட கட்டுரையில் இந்த அறைக் கதவைத்தான் சுட்டிக்காட்டினார்.

டாமர் அந்த நாயை எடுத்துக்கொண்டு அதை வைத்தே செவ்வியலின் வாசலைத் தட்டினார். தூங்கும் இரண்டு நாய்களைப் பளிங்கில் செய்து தன் சகோதரியின் கணவரான ரிச்மண்ட் பிரபுவுக்குக் கொடுத்தார். ஒன்றன் மேல் ஒன்று தலைசாய்த்துக் கிடக்கும் அந்த உடல்களில் வீரமும் இல்லை, புராணமும் இல்லை, மூச்சு மட்டும் இருக்கிறது. வால்போலுக்கு ஒரு கழுகு செய்தார். மெல்போர்ன் பிரபுவின் தோட்டத்தில் பிடிபட்டபோது ஒரு சிறகு ஏறக்குறைய அறுந்துவிட்ட பறவை அது. அந்தக் கணத்தின் ஆத்திரத்தைப் பார்த்துச் செய்ததாக வால்போல் எழுதுகிறார். ஒரே வீட்டில் இரண்டு கழுகுகள்: ரோமிலிருந்து வந்த பளிங்குக் கழுகு, காயம்பட்ட உயிரைப் பார்த்துச் செய்த சுடுமண் கழுகு. இரண்டாவதன் மேல் வால்போல் 1787 என்று ஆண்டு போட்டு, இதைச் செய்தது பிராக்ஸிடிலீஸ் அல்ல, ஆன் டாமர்தான் என்ற பொருளில் லத்தீனில் எழுதிவைத்தார்.

டாமரோ தன் பெயரைக் கிரேக்க எழுத்தில் தானே பொறித்தார். 1778-இல் செய்து ஃப்ளாரன்ஸின் உஃபிஸிக்குப் போன தன்னுருவச் சிலையில், பிரிட்டனைச் சேர்ந்த தான், தன்னைத் தானே செய்ததாகக் கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறார். அந்த வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘செய்தாள்’ என்ற முடிந்துபோன இறந்தகாலம் அல்ல, ‘செய்துகொண்டிருந்தாள்’ என்ற முடியாத இறந்தகாலம். வேலை இன்னும் முடியவில்லை, திருத்தலாம் என்ற அடக்கத்தோடு பழைய சிற்பிகள் இப்படித்தான் கையெழுத்திட்டார்கள் என்று பிளினி சொல்கிறார். டாமருக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஃபிரான்சோனி தன் பெயரை அழித்துக்கொண்டதால் அவர் செய்த ஆடு பழங்காலமாயிற்று. டாமர் பழங்காலத்தின் எழுத்திலேயே தன் பெயரை வெட்டினார். அதனால் அவர் செய்த நாய் சந்தேகத்துக்குரியதாயிற்று.

6

சந்தேகம் பல வடிவங்களில் வந்தது. 1789-இல் வெளிவந்த ஒரு கேலிச்சித்திரம், அவர் அப்போலோவின் நிர்வாணச் சிலையின் பின்புறத்தில் உளி வைத்துச் செதுக்குவதாகக் காட்டியது. பெண் கையில் உளி என்றால் அதை உடனே படுக்கையறைக் கதையாக்க வேண்டும். பெண்களை விரும்புகிறவள் என்ற வம்புப் பாட்டும் அச்சாகிச் சுற்றியது. 1784-இலிருந்து 1818 வரை ராயல் அகாடமியில் 32 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார், எல்லாம் ‘கௌரவப் பங்கேற்பாளர்’ என்ற பெயரில். அதாவது பொழுதுபோக்குக்காரி.

அவர் இறந்த இரண்டு ஆண்டில் ஆலன் கன்னிங்ஹாம் எழுதிய சிற்பிகளின் வரலாறு வந்தது. டாமரின் பளிங்கு வேலையில் பிறர் கை எவ்வளவு என்ற ஐயத்தை அது அச்சில் நிலைநிறுத்தியது. யார் இந்தக் கன்னிங்ஹாம்? ஃபிரான்சிஸ் சான்ட்ரி என்ற பெரிய சிற்பியின் பட்டறையில் ஆண்டுக்கணக்காக மேற்பார்வை பார்த்தவர். சிற்பி களிமண்ணில் செய்வார், வேலையாட்கள் பளிங்கில் செதுக்குவார்கள் என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர். கானோவாவும் அப்படித்தான். முதலில் களிமண், பிறகு முழு அளவில் சுண்ணச் சிலை, அதில் புள்ளி குத்தி அளந்து உதவியாளர்கள் கல்லில் இறக்குவார்கள். மேற்பரப்பின் கடைசி மெருகு மட்டும் அவர் கை. புனித பேதுரு ஆலயத்தில் பதின்மூன்றாம் கிளெமன்ட் கல்லறையில், விழித்த சிங்கமும் தூங்கும் சிங்கமும் 1792-இலிருந்து கிடக்கின்றன. எத்தனை பேர் கை அதில் பட்டது என்று கேட்டு யாரும் கானோவாவின் பெயரைச் சுரண்டவில்லை. அதே நடைமுறை ஆணுக்கு ‘பட்டறை’, பெண்ணுக்கு ‘மோசடி’.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. டாமரைக் காப்பாற்றும் அவசரத்தில் இன்னொரு பெயரை நாமும் மறைத்துவிடக் கூடாது. கல் வாங்கக் காசு, இத்தாலிக்குப் போகக் காசு, தெரிந்தவர் வீட்டில் சிலை வைக்க இடம் எல்லாம் அவருக்கு இருந்தன. அவருடைய நாய்கள் பிரபுக்களின் நாய்கள். கரடுமுரடான பாறையை முதலில் உடைத்துக் கொடுத்த ஆள், கராராவில் கல் பிளந்து வண்டியில் ஏற்றியவன், ஃபிரான்சோனியின் பட்டறையில் தூசி தின்று வால் தேய்த்த பையன் – இவர்கள் பெயரைக் கிரேக்கத்திலும் யாரும் எழுதவில்லை, லத்தீனிலும் எழுதவில்லை. கன்னிங்ஹாம் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கேட்டதுதான் தப்பு. ‘இதை யார் கை செய்தது?’ என்று எல்லாச் சிலை முன்னாலும் கேட்டிருந்தால் செவ்வியல் என்ற மாளிகையில் ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்காது.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆசிரியன் என்பது ஒரு செயல்பாடு, பிரதிகளை வகைப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் பயன்படும் பெயர் என்று ஃபூக்கோ சொன்னதும் நமக்குப் பாடமாகிவிட்டது. சரிதான். ஆனால் சாவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டும். பெயர் பொறிக்க உரிமையே கிடைக்காதவர்களிடம் போய், பெயர் முக்கியமில்லை என்று சொல்வது யாருடைய வசதிக்காக? பெயர் அழிவது ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்குக் கூலியில்லாத உழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

7

இந்தக் கதைக்கு நம் பக்கமும் ஒரு சின்னக் கிளை உண்டு. டாமரின் உறவுப் பெண்ணை மணந்தவர், இலங்கையில் தலைமை நீதிபதியாக இருந்த சர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன். ஐரோப்பியக் கலை இந்தியர்களைப் ‘பண்படுத்தும்’ என்ற நம்பிக்கை உள்ளவர். அவருடைய தூண்டுதலில் டாமர் தஞ்சாவூர் அரசருக்கு ஒரு சிலை அனுப்பினார். தூங்கும் நாயையோ, ஆத்திரப்பட்ட கழுகையோ அனுப்பவில்லை. கடற்படைத் தளபதி நெல்சனின் மார்பளவுச் சிலையை அனுப்பினார். வீட்டில் பொழுதுபோக்குக்காரி என்று ஒதுக்கப்பட்டவர், காலனிக்கு அனுப்பும்போது பேரரசின் சிற்பியாகிவிடுகிறார். நாயிலிருந்து தளபதிக்கு, ஏணியின் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போக அவருக்கு ஒரு தஞ்சாவூர் தேவைப்பட்டிருக்கிறது. ஒடுக்கப்பட்ட நிலை ஒருவரை எல்லா இடத்திலும் நிரபராதியாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

டாமர் 1828 மே மாதம் இறந்தார். தன் கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார், எரித்தார்கள். கென்ட் பகுதியில் சன்ட்ரிட்ஜ் தேவாலயத்தில் அவரைப் புதைத்தபோது, அவர் விருப்பப்படி மூன்று பொருட்களைக் கூட வைத்தார்கள்: அவருடைய உளி முதலான கருவிகள், வேலை செய்யும்போது கட்டிய முன்துணி, செல்ல நாயின் சாம்பல். நான்தான் செய்தேன் என்று சொல்ல வேறு வழியில்லாமல் கருவிகளைச் சாட்சியாகக் கூடவே கொண்டுபோனார் என்று இதை வாசிக்கலாம். வம்பு பேசியவர்களின் காகிதங்கள் மிஞ்சின, அவருடைய காகிதங்கள் சாம்பலாயின. பளிங்கு நாய்கள் இருக்கின்றன. அவருடைய சடைநாய் ஒன்று 2014-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தது.

வத்திக்கான் விலங்குக் கூடத்துக்கு இன்று போகிறவர்களிடம் வழிகாட்டி, எது பழையது எது ஃபிரான்சோனி என்று பிரித்துக் காட்டலாம். அது ஒரு கேள்விக்குத்தான் பதில். பழையது என்று கை நீட்டும் துண்டையும் யாரோ ஒரு அடிமையோ கூலிக்காரனோ ரோமானியப் பட்டறையில் வேறொன்றைப் பார்த்துத்தான் செதுக்கியிருப்பான். ‘தொன்மை’, ‘செவ்வியல்’ என்று யாராவது ஒரு பொருளை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போது, எவ்வளவு பழையது என்ற வியப்பில் நாம் வாயடைத்து நிற்கிறோம். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியது யார், கூலி எவ்வளவு, பெயர் ஏன் இல்லை என்று கேட்கப் பழக வேண்டும். எந்த மொழியில், எந்த ஊரில் நின்று கேட்டாலும் கேள்வி இதுதான்.